உடுப்பும் உத்தரவும்

தோட்டத்து லயத்தின் வாசலில் போலீஸ்காரர் ஒருவர் வந்து நின்றால் என்ன நிகழும் என்பதை நம் வாசகர்களிற் பெரும்பாலோர் தம் பாட்டன்மார் வாயிலாகக் கேட்டிருப்பர். குழந்தைகள் உள்ளே ஓடுவர்; பெண்கள் கதவைச் சாத்துவர்; ஆண்கள் குற்றம் எதுவும் செய்யாதவராயினும் கைகட்டி நிற்பர். பட்டணத்திலும் இந்த அச்சம் முற்றும் ஒழிந்துவிட்டதென்று கூறுவதற்கில்லை. ஊரைக் காக்கவென்று ஊரார் பணத்திலேயே ஏற்பட்ட ஒரு கூட்டத்தைக் கண்டு ஊரார் ஏன் அஞ்சவேண்டும்?

இவ்வினாவுக்கு நம்மவர் சொல்லும் பதில் ஒன்றுண்டு. "அவன் குணம் அப்படி, காக்கி உடுப்பைப் போட்டால் மனிதன் மாறிவிடுகிறான்" என்பர். நம்மை ஆண்ட வெள்ளையரும் ஏறக்குறைய இதையே வேறு சொற்களிற் கூறினர். இன்ன ஜாதியார் கொடியர், இன்ன இனத்தார் வீரர், இன்னார் கோழைகள் என்று பட்டியல் வகுத்தனர். உடுப்பு அணிந்தவன் செய்யும் நன்மைக்கும் தீமைக்கும் காரணம் அவனுடைய பிறவிக் குணமா, அல்லது அவனை அங்கே நிறுத்திய சர்க்காரின் ஏற்பாடா? இதனைத் தெளிந்துகொள்ள நம் முன்னோரின் சொந்த மாகாணத்துச் சரித்திரத்தைக் காட்டிலும் சிறந்த சாட்சி வேண்டியதில்லை.

1816-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் பிறந்தது. அதுவரை நீதிபதிகளின் பொறுப்பில் இருந்த போலீஸ் அதிகாரம் அச்சட்டத்தினால் ஜில்லாக் கலெக்டர்களின் கைக்கு மாற்றப்பட்டது. கலெக்டருக்குக் கீழே தாலுகாவில் தாசில்தார். அவருக்குக் கீழே கிராமத்தில் மணியக்காரரும் தலையாரியும். நிலவரி வசூலிப்பவர் தாசில்தார். திருடனைப் பிடிப்பவரும் அவரே. சிறு குற்றங்களை விசாரிப்பவரும் அவரே. செலவு குறையும், கிராமத்தின் பழைய முறையும் கெடாது என்பது இதனை வகுத்த தாமஸ் மன்றோ போன்றாரின் எண்ணம். எண்ணம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அதன் விளைவை அனுபவித்தவன் குடியானவன்.

மழை பொய்த்தாலும் வரி பொய்க்காது. குறித்த தவணைக்குள் வரி வந்து சேராவிடில் தாசில்தாரின் உத்தியோகத்துக்கே ஆபத்து. அவர் சேவகரை ஏவுவார். சேவகருக்கோ சம்பளம் சொற்பம். அவர் குடியானவனைப் பிடித்து வெயிலில் நிறுத்துவார், முதுகில் கல்லேற்றுவார், உடலை வளைத்துக் கயிற்றாற் பிணைத்து வைக்கும் 'அண்ணாந்தாள்' என்னும் தண்டனையை விதிப்பார், இரு கட்டைகளுக்கிடையே கைவிரல்களை வைத்து நெருக்கும் 'கிட்டி'யை மாட்டுவார். இத்தனையும் பட்டவன் யாரிடம் போய் முறையிடுவது? போலீஸிடம் முறையிடவேண்டும். அந்தப் போலீஸின் தலைவர் யாரெனில், அடிக்கும்படி ஆள் அனுப்பிய அதே தாசில்தார்! நீதிஸ்தலமோ நெடுந்தூரத்தில் இருந்தது. அங்கே போய்வர நாட்களும் பணமும் வேண்டும்; சாட்சி சொல்ல வருபவனும் அதே தாசில்தாரின் ஆளுகைக்குள் வாழ்பவன்.

இந்நிலை ஆண்டுகள் பலவாக நீடித்தது. இதனை வெளியுலகம் அறியச் செய்தவர்களில் சென்னை வர்த்தகரான கஜுலு லட்சுமிநரசு செட்டியாரை நாம் மறத்தல் ஆகாது. அவர் 1852-இல் சென்னைச் சுதேசிகள் சங்கத்தைத் தோற்றுவித்துப் பார்லிமெண்டுக்கு விண்ணப்பங்கள் விடுத்தார். 1853-இல் பார்லிமெண்ட் அங்கத்தினர் டான்பி சீமோர் என்பார் சென்னைக்கு வந்தபோது அவரை உள்நாட்டிற்கு அழைத்துச் சென்று குடிகளின் நிலையை நேரிற் காணச் செய்தார். 1854 ஜூலையில் லண்டன் காமன்ஸ் சபையில் இவ்விஷயம் விவாதத்துக்கு வந்தது. சர்க்கார் வேறு வழியின்றி விசாரணைக் கமிஷன் ஒன்றை நியமித்தனர்.

எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவர் அக்கமிஷனில் அமர்ந்தனர். மூவரும் வெள்ளையர், நம்மவர் ஒருவரும் இல்லை. ஆயினும் கொடுமைக்கு ஆளானவர்கள் வந்து சொல்லலாமென்று அறிவிப்புச் செய்யப்பட்டது. மூன்று மாத காலத்துக்குள் 1,959 முறையீடுகள் வந்து குவிந்தன. 1,440 பேர் கடிதம் மூலம் முறையிட்டனர். 519 பேர் நேரிலேயே வந்து நின்றனர். அவர்களிற் சிலர் முந்நூறு, நானூறு மைல் கடந்து வந்தவர்கள். ரயிலில்லாத காலம் என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு குடியானவன், தன்னை அடித்தவன் ஊரில் அதிகாரத்தோடு இருக்கும்போதே, கட்டுச்சோற்றுடன் நடந்து சென்னைப் பட்டணத்தை அடைந்து மூன்று துரைமார் முன் நின்று நடந்ததைச் சொன்னான் என்றால், அந்த நடையைவிடத் தீரமான செயல் அக்காலத்துச் சரித்திரத்தில் வேறெது?

1855-இல் அறிக்கை வெளியாயிற்று. சித்திரவதை உண்மையே என்று அது ஒப்புக்கொண்டது. ஆனால் யார் மீது பழி போட்டது என்பதையே நாம் கூர்ந்து நோக்க வேண்டும். வெள்ளை அதிகாரிகளுக்கு இதில் பங்கில்லை. சுதேசிச் சிப்பந்திகளின் கொடுமையிலிருந்தே குடிகள் காப்பாற்றும்படி கேட்கின்றனர் என்ற கருத்தில் அது எழுதிற்று. இரண்டாண்டுகளுக்குப்பின், 1857 செப்டம்பரில், காரல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இவ்விசாரணையைப்பற்றி எழுதுகையில், வெள்ளையர் குற்றமற்றவர் என்னும் இம்முடிவு அறிக்கையிலுள்ள சாட்சியங்களுக்கே பொருந்தாமையை எடுத்துக்காட்டினார்.

நாம் நம்மவரின் குற்றத்தை மறைக்க விரும்பவில்லை. கிட்டியை மாட்டிய கை நம் இனத்துக் கை. மாட்டப்பட்ட விரலும் நம் இனத்து விரல். தன் சாதியான், தன் மொழியான் அதிகாரத்தில் இருந்தாற் போதும், நீதி தானே வந்துவிடும் என்று நம்புவோர் இதனை இருமுறை எண்ணிப் பார்க்கட்டும். ஆயினும் அந்தச் சேவகன் கிராமத்தில் தன் மனைவி மக்களோடு வாழ்ந்த சாதாரண மனிதன். அவன் கையில் அதிகாரம் கொடுத்து, சம்பளத்தைக் குறைத்து, வரிப்பணம் மாத்திரம் தவறாமல் வரவேண்டுமென்று நெருக்கி, கேட்பாரில்லாத இடத்தில் அவனை நிறுத்திய பின்னர், அவன் குணத்தைப்பற்றிப் பிரசங்கம் செய்வதில் பயன் என்ன? இந்த உண்மை அறிக்கையின் பக்கங்களிலேயே உள்ளது. வரி வசூலும் போலீஸும் ஒரே கையில் இருப்பதே கேடு, அவற்றைப் பிரித்தல் வேண்டும் என்று அந்தக் கமிஷனே சொல்லிற்று. குணத்தைப் பழித்துவிட்டு, திருத்தத்துக்காக ஏற்பாட்டையே அது நாடியது.

அதன் பயனாக 1859-ஆம் ஆண்டின் 24-வது சட்டம் சென்னையில் ஏற்பட்டது. போலீஸ் என்பது வரி இலாகாவிலிருந்து பிரிக்கப்பட்டது. வில்லியம் ராபின்சன் என்பவர் அதன் முதல் தலைவரானார். ஜில்லாதோறும் தனி சூப்பரிண்டெண்ட், நிலையான சம்பளம், ஒரே மாதிரியான உடுப்பு. நம் நாட்டில் போலீஸ்காரன் என்ற உருவம் இவ்வாறே பிறந்தது. இந்தியா முழுவதற்குமான 1861-ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டமும் இதனைத் தொடர்ந்தே வந்தது.

இவ்விடத்தில் மற்றொன்றையும் ஆராய வேண்டும். உடுப்புத் தைக்கும்போது எந்த அளவை எடுத்தார்கள்? அக்காலத்தில் ஆங்கிலேயர் முன் இருவகை மாதிரிகள் இருந்தன. இரண்டிற்கும் வித்திட்டவர் ராபர்ட் பீல் என்னும் ஒரே மந்திரி. 1829 செப்டம்பர் 29-ஆம் தேதி லண்டன் வீதிகளில் அவருடைய புதுப்போலீஸ் முதன்முதலாக நடமாடிற்று. சிப்பாயின் சிவப்புச் சட்டையைக் கண்டு ஜனங்கள் வெறுப்படைவர் என்பதை அறிந்து நீலச் சட்டையும் உயர்ந்த தொப்பியும் கொடுத்தார்கள். கையில் ஒரு சிறு தடி. அதையும் வெளியே தெரியாதபடி வைத்துக்கொள்ள வேண்டும். கழுத்துப்பட்டியில் இலக்கம் பொறித்தார்கள். தவறிழைத்த காவலனை ஜனங்கள் அடையாளங்கண்டு முறையிடுவதற்கு அந்த இலக்கம் உதவிற்று. லண்டன்வாசியின் வரிப்பணத்தில், அவன் சம்மதத்தோடு நடக்கவேண்டிய போலீஸ் அது.

அயர்லாந்திலோ நிலைமை வேறு. அங்கே பீல் 1814-இல் தொடங்கிவைத்த முறை, 1822-இலும் 1836-இலும் இயற்றப்பட்ட சட்டங்களால் வளர்ந்து, துப்பாக்கி ஏந்திய, பாளயங்களில் வாழ்ந்த, கரும்பச்சை உடுப்பணிந்த ஒரு பட்டாளமாயிற்று. சொந்த ஜில்லாவில் ஒருவனுக்கும் வேலை கொடுப்பதில்லை. உற்றார் உறவினர் மீது இரக்கம் பிறக்கலாகாதன்றோ! லண்டனில் காவல், அயர்லாந்தில் அடக்குமுறை. மந்திரி ஒருவர், மொழி ஒன்று, இரு கரையிலும் பணிக்கு வந்தவரும் ஏழைகளின் பிள்ளைகளே. மாறியது கொள்கை ஒன்றுதான்.

சென்னைக்கு எது வந்தது? 1857-ஆம் ஆண்டுக் கலகம் ஆட்சியாளரின் நெஞ்சை உலுக்கியிருந்த நேரம். ஆகவே அயர்லாந்து மாதிரியே கப்பலேறிற்று. சித்திரவதையை நிறுத்தும்படி குடிகள் வேண்டினார்கள்; கிடைத்ததோ அணிவகுத்து நிற்கும் ஒரு படை. வரி வசூலிப்பவனின் பிடி விலகிற்று என்பது மெய். ஆயினும் காவலன் இப்போதும் மேலே பார்த்தே நடந்தான்; கீழேயுள்ள குடிகளுக்குப் பதில் சொல்லும் கடமை அவனுக்கு விதிக்கப்படவில்லை. 1902-இல் ஆண்ட்ரூ பிரேசர் தலைமையில் நியமிக்கப்பட்ட கமிஷன், இந்தியப் போலீஸ் பயிற்சியிலும் அமைப்பிலும் குறையுடையதென்றும், லஞ்சமும் கொடுமையும் நிறைந்ததென்று பொதுவாகக் கருதப்படுகிறதென்றும் எழுதிற்று. காவலனுக்குப் பிழைக்கத் தக்க சம்பளம் கொடுக்கவேண்டுமென்றும் சொல்லிற்று. முன்பு தாலுகாச் சேவகனைக் கெடுத்த அதே வியாதி புது உடுப்புக்குள்ளும் புகுந்திருந்தது.

ஆனாலும் குடியானவரின் நடை வீண்போகவில்லை. போலீஸ்காரரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை, கொடுத்தவனுக்கு விரோதமாக நீதிமன்றத்தில் நிரூபிக்கலாகாது என்னும் விதி 1861-ஆம் ஆண்டுக் குற்ற விசாரணைச் சட்டத்திலும், பின்னர் 1872-ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்திலும் இடம்பெற்றது. அடித்து வாங்கிய சொல்லுக்குக் கோர்ட்டில் விலையில்லையெனில் அடிப்பதற்குரிய ஆசையும் குறையுமல்லவா? 2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த இந்தியாவின் புதிய சாட்சியச் சட்டத்திலும் அவ்விதி நீங்கவில்லை. மலாய் நாட்டினராகிய நமக்கும் இதில் பங்குண்டு. 1893-இல் நீரிணைக் குடியேற்றங்களில் இயற்றப்பட்ட சாட்சியச் சட்டம் இந்தியச் சட்டத்தைப் பின்பற்றி வரையப்பட்டது. இன்றைய மலேசிய, சிங்கப்பூர்ச் சாட்சியச் சட்டங்கள் பிற்காலத்தில் பல மாறுதல்கள் பெற்றிருப்பினும், அவற்றின் வேர் அங்கேதான் உள்ளது.

இனி நம் கரைக்கு வருவோம். பினாங்கும் சிங்கப்பூரும் மலாக்காவும் 1867 வரை இந்திய சர்க்காரின் ஆளுகையிலேயே இருந்தன. சென்னைக் குடியானவர்கள் தாசில்தாரின் சேவகருக்கு அஞ்சிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், தஞ்சை, திருச்சி ஜில்லாக்களிலிருந்து நம்மவர் பினாங்கை அடுத்த கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்துகொண்டிருந்தனர். அன்றைய சிங்கப்பூர்ப் போலீஸில் மலாய்க்காரரும் போயன் தீவினரும் நம் தமிழரும் ஊழியம் செய்தனர். சம்பளம் குறைவு, பயிற்சியோ பெயரளவில். 1879-இல் ஒரு கமிஷன் இப்போலீஸின் குறைகளை ஆராய்ந்தது. அதன் யோசனைப்படி 1881-இல் பஞ்சாபிலிருந்து சீக்கியரை வரவழைத்துத் தனிப்பிரிவு ஏற்படுத்தினர். பேராக்கிலும் பஞ்சாபியரையும் பட்டாணியரையும் கொண்டே படை அமைத்தனர். 1896-இல் மலாய் நாட்டு வழிகாட்டிப் படை என்ற பெயர் பெற்றதும் அதுவே.

சீக்கியர் வீரர், தீரர். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவரை அழைத்தவர்களின் கணக்கு வீரத்தோடு முடியவில்லை. ஊர் மொழி அறியாதவன், ஊராரோடு உறவில்லாதவன், உத்தரவை மாத்திரம் அறிந்தவன் வேண்டும் என்பதே அக்கணக்கு. அயர்லாந்துக்காரனைச் சொந்த ஜில்லாவில் நிறுத்தாத அதே சூத்திரம் இங்கே கடல் கடந்து பெரிதாயிற்று. வீரமுள்ள ஜாதி, வீரமில்லாத ஜாதி என்று பிரித்த கொள்கையினால் தென்னாட்டார் பட்டாளத்திலிருந்தும் படிப்படியாக விலக்கப்பட்டனர். பின்னர் நம்மவரே, "நமக்குத் துப்பாக்கி பிடிக்க வராது, வெட்டுக்கத்திதான் நமக்கு விதி" என்று சொல்லத் தலைப்பட்டனர். சர்க்கார் எழுதிய ஒரு குறிப்பைத் தலையெழுத்தென்று நம்பிய பரிதாபம் இது!

இக்கொள்கையின் முழு உருவத்தை 1941-இல் கிள்ளான் கண்டது. அவ்வட்டாரத்து ரப்பர்த் தோட்டத் தமிழர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் கேட்டவை யாவை? சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலி தமிழனுக்கும் வேண்டும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும், பிள்ளைகளுக்குத் தக்க கல்வியும் நோயாளிக்குத் தக்க வைத்தியமும் வேண்டும், பெண்களின் மானம் காக்கப்படவேண்டும், துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும். இவற்றில் எது ராஜத்துரோகம்? ஆயினும் மே மாதத்தில் தொழிலாளர் தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை பிரகடனமாயிற்று. போலீஸும் பட்டாளமும் தோட்டங்களுக்குள் புகுந்தன. துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். கூலிக் கேள்வியைத் தொழில் இலாகாவின் மேசையில் வைத்துத் தீர்ப்பதற்குப் பதில் போலீஸின் கையில் கொடுப்பதென்று முடிவு செய்தவன் துப்பாக்கி பிடித்த ஏழைச் சிப்பாய் அல்லன். அம்முடிவு அவனுக்கு மேலே, வெகு மேலே எடுக்கப்பட்டது.

கொள்கை மாறினால் உடுப்பும் மாறும் என்பதற்கும் இந்நாட்டிலேயே சான்றுண்டு. 1952-இல், கம்யூனிஸ்ட் கலகத்தின் நடுவே, லண்டன் நகரப் போலீஸ் தலைவர் ஆர்தர் யங் மலாயாவுக்கு அனுப்பப்பட்டார். பட்டாளம்போல் நடந்துகொண்ட போலீஸை மீண்டும் பொதுமக்களின் ஊழியராக்க வேண்டுமென்று கருதிச் 'சேவை இயக்கம்' என்றொன்றை அவர் தொடங்கினார். ஆள் அதே ஆள்; கற்பித்த பாடம் வேறு. 1967-இல் சுதந்திர சிங்கப்பூர் தேசிய சேவையைக் கட்டாயமாக்கிற்று. கோழையென்றும் வீரனென்றும் இனம் பிரித்த பழைய பட்டியல் அதன்பின் எங்கே நின்றது? தமிழ் இளைஞரும் மற்ற இளைஞரோடு ஒரே வரிசையில் ஒரே உடுப்பில் நின்றனர். துப்பாக்கி அவர்களுக்கும் பிடிக்க வந்தது.

மலேசியாவில் 2004-இல் போலீஸைப்பற்றிய அரச விசாரணைக் கமிஷன் ஒன்று நியமிக்கப்பட்டது. அது 2005-இல் 125 பரிந்துரைகளை வழங்கிற்று. போலீஸ் மீதான புகார்களைப் போலீஸே விசாரித்தலாகாது, தனிக் கமிஷன் வேண்டும் என்பது அவற்றுள் தலையாயது. 1855-இல் சென்னையிற் கேட்ட கேள்வியும் இதுவேயன்றோ? அடித்தவனிடமே முறையிடச் சொல்வது முறையா என்னும் அந்தப் பழைய கேள்வி, நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து மீண்டும் எழுந்தது. 2009-இல் ஒரு சட்டம், 2022-இல் மற்றொரு சட்டம் என்று பதில் மெதுவாகவே வந்தது. 2023 ஜூலையில் போலீஸ் நடத்தைக்கெனத் தனிக் கமிஷன் செயற்படத் தொடங்கியது. அதன் அதிகாரம் 2005-ஆம் ஆண்டில் கேட்ட அளவுக்கு இல்லை என்று குறை கூறுவோர் உளர். அதனைக் கவனித்திருப்பது பொதுமக்களின் பொறுப்பு.

தோழர்களே, உடுப்பணிந்த எந்த ஊழியத்தைக் கண்டாலும் நாம் நான்கு கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும். இவர்களுக்கு உத்தரவிடுபவர் யார்? இவர்களுக்குக் கிடைக்கும் சம்பளம் நேர்மையாக வாழப் போதுமா? இவர்கள் யாரிலிருந்து, எந்த எண்ணத்தோடு தெரிந்தெடுக்கப்படுகின்றனர்? இவர்கள் தவறினால் நாம் முறையிடவேண்டிய இடம் எது? போலீஸுக்கு மாத்திரமன்று, சிறைக் காவலருக்கும், தீயணைப்போருக்கும், குடிநுழைவு அதிகாரிகளுக்கும் இக்கேள்விகள் பொருந்தும். இவற்றுக்கு நல்ல பதில் இருக்குமாயின் சாதாரண மனிதனும் நல்ல காவலனாவான். இல்லையாயின் நல்லவனும் நாளடைவிற் கெடுவான்.

உடுப்பைக் கண்டு ஒளிவது பழைய அடிமைத்தனம். கண்மூடித்தனமாக வெறுப்பதோ புதிய அறியாமை. நம் பிள்ளைகள் அவ்வுடுப்பை அணிய முன்வரட்டும். அணியாதவர்கள் சட்டத்தைப் படிக்கட்டும். தம்மைக் கைது செய்பவரின் பெயரையும் இலக்கத்தையும் கேட்டறியும் உரிமை உண்டென்பதை உணரட்டும். அநீதி நேர்ந்தால் எழுதித் தரட்டும். எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்து வீட்டார் எழுதிக் கொடுக்கட்டும். மாகாணம் முழுவதும் வாய்மூடிக் கிடந்த காலத்தில் 1,440 பேர் கடிதம் விடுத்தனர், 519 பேர் நடந்து சென்றனர். அவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் நடந்ததனாலேதான் ஒரு சட்டம் மாறிற்று. அவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம், போலீஸ் நிலையத்துப் படியேற ஏன் அஞ்சவேண்டும்?